கப்பல் மேடையில் கடல் பார்த்தவன்

1

எங்கள் குப்பத்தில் முதல் மாடி வீடு நான் கட்டியது. மரக்காணத்திலிருந்து தெற்கே போகிற கடற்கரைச் சாலையில் யாரைக் கேட்டாலும் "பிரான்ஸ்காரன் வீடு" என்று கை காட்டுவார்கள். மீன் ஏலம் போடுகிற இடத்தில் இரும்புத் தூண் நட்டுத் தகரக் கூரை போட்டது நான். அதற்கு முன்னால் மண்டை காய ஏலம் கேட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். தம்பிக்குப் பைபர் படகும் இன்ஜினும் வாங்கிக் கொடுத்தேன். தங்கையை வளவனூரில் ஒரு வாத்தியாருக்குக் கட்டிக் கொடுத்தேன். கடல்காரன் வீட்டுப் பெண்ணை வாத்தியார் கட்டுவானா என்று சிரித்தவர்கள் எல்லாம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். திண்டிவனத்தில் நான்கு கடைகள் உள்ள கட்டடம் ஒன்று இருக்கிறது. இங்கே பிரான்சில் இரண்டு அறை வீடு சொந்தமாக இருக்கிறது. சமையலறை ஜன்னலில் தலையை வெளியே நீட்டினால் விரற்கடை அளவு கடல் தெரியும்.

இதெல்லாம் ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் செய்தது. எந்த ஆபீசில் எந்தப் பாரத்தைக் கொடுத்தாலும் இன்றைக்கும் முதலில் வியர்ப்பது எனக்குத்தான்.

ஆனால் நான் கட்டியதிலேயே பெரியது இந்தப் பட்டியலில் இல்லை. அதற்குச் செங்கல் கிடையாது, தகரம் கிடையாது. அது ஒரு முறை. பெரிய கப்பலிலிருந்து சின்னப் படகுக்கு ஆட்களை இறக்குகிற முறை. அதை இந்த வருஷம் வேறொருவர் பெயர் போட்டுப் பலகையாக அடித்து மாட்டிவிட்டார்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வளவனூர் மாப்பிள்ளை எழுத்துப் பிழையைத் திருத்துவார். பெருமை அடித்திருக்கிறேன் என்று எங்கேயும் கோடு போட்டு அடிக்கக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.

2

என் மனைவி தேவகி புதுச்சேரி சொல்தா வீட்டுப் பெண். அவள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் வீட்டில் எல்லாருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. அவளைக் கட்டியதால் நான் இங்கே வந்தேன். அதை மறைக்கமாட்டேன். ஆனால் வருவதற்குள் பட்ட பாடு என்னுடையது. எனக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. திண்டிவனத்தில் கேட்டால் விழுப்புரம் போ என்பார்கள். விழுப்புரத்தில் கேட்டால் திண்டிவனத்தில் ஒரு கையெழுத்து குறைகிறது என்பார்கள். அந்த ரோட்டில் ஓடிய பஸ் கண்டக்டர்கள் எங்கே போகணும் என்று என்னிடம் கேட்பதையே விட்டுவிட்டார்கள். "இன்னா தேதில பொறந்த?" என்று கிளார்க் கேட்டார். "பொயல் அடிச்ச வருசம் சார், ஐப்பசி" என்றேன். "எந்தப் பொயலு?" என்றார். எனக்கு ஒரு புயல்தான் தெரியும்.

நாங்கள் இருப்பது தெற்குப் பிரான்சில் மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற ஒரு சின்ன ஊர். முதல் சில வருஷங்கள் ஓட்டலில் பாத்திரம் கழுவினேன், படகுப் பட்டறையில் பெயின்ட் அடித்தேன். பிறகு அந்த உல்லாசக் கப்பல் வர ஆரம்பித்தது. பெயரை எழுதவில்லை, கம்பெனிக்காரர்கள் வக்கீல் வைத்திருப்பவர்கள். விழுப்புரம் ஜங்ஷன் பிளாட்பாரத்தை அப்படியே தூக்கி, பதினாறு மாடி வைத்து, வெள்ளையடித்துக் கடலில் விட்டால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும். உள்ளே நீச்சல் குளம், நாடகக் கொட்டகை, ஐஸ் மேல் சறுக்குகிற இடம், நாலாயிரம் ஐயாயிரம் ஜனம். சித்திரை பிறந்தால் இந்தப் பக்கம் வரும். ஐப்பசியில் குளிர் தட்டியதும் அட்லாண்டிக்கைத் தாண்டி வெயில் இருக்கிற தீவுகளுக்குப் போய்விடும். நம் ஊரில் மீன்பிடித் தடைக்காலம் என்று விசைப்படகைக் கரையில் ஏற்றுகிற நேரத்தில்தான் இங்கே எனக்கு வேலை தொடங்கும்.

இந்தப் பிரெஞ்சு ஊர்த் துறையில் அவ்வளவு பெரிய கப்பல் ஒட்டாது. வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். கப்பலின் பக்கவாட்டில் தண்ணீர் மட்டத்தில் ஒரு கதவைத் திறந்து மேடை ஒன்றை நீட்டுவார்கள். அங்கிருந்து ஜனங்களைச் சின்னப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டு வர வேண்டும். இந்தப் படகு வேலைக்குத் துறைமுக ஆபீஸ் லைசென்ஸ் கொடுக்கும். அப்படித்தான் நான் அந்த மேடைக்குப் போனேன்.

3

எங்கள் குப்பத்தில் படகைக் கடலுக்குள் தள்ளுவதைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஒருவர் மட்டும் தனியாகத் தண்ணீரில் நிற்பார். படகில் கை வைக்க மாட்டார். கடலை மட்டும் பார்ப்பார். தள்ளுகிற எட்டுப் பேரும் தோளைக் கொடுத்துத் தலையைக் குனிந்து நிற்பார்கள், அவர்கள் கடலைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் ஒன்று பயம் வரும், இல்லாவிட்டால் அவசரம் வரும். பெரிய அலை தனியாக வருவதில்லை, இரண்டு மூன்று சேர்ந்து வரும். அது போனதும் கொஞ்ச நேரம் கடல் மூச்சு வாங்கும். அந்த நேரம் பார்த்து அவர் "உடு" என்பார். எங்கள் பக்கம் அப்படி நின்றவர் என் அப்பா பெருமாள்.

கப்பல் மேடையில் நான் கண்டது இதற்கு நேர் எதிர். படகு ஒரு முழம் ஏறும், ஒரு முழம் இறங்கும். கைத்தடி பிடித்த கிழவர்கள் நடுங்கிக்கொண்டு நிற்பார்கள். ஆளைப் பிடித்து இறக்குகிற இரண்டு பேரும் கடலையும் பார்த்து, படகையும் பார்த்து, ஆளையும் பார்த்து, ஆளுக்கொரு பாஷையில் கத்துவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், காற்று தூக்கிய ஒரு நாள் நான் பொறுக்க முடியாமல் மேடை ஓரத்துக்குப் போனேன். ஜனங்களுக்கு முதுகைக் காட்டி, வெளிக்கடலைப் பார்த்து நின்று கையைத் தூக்கினேன். ஆள் பிடிக்கிற இரண்டு பேரிடமும், "கடலப் பாக்காதீங்க, என் கையப் பாருங்க" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். கை மேலே இருந்தால் நிறுத்து. இறங்கினால் ஆறு பேரை விடு, பிறகு கதவை மூடு.

வரிசை நின்றுவிட்டது. கப்பல் அதிகாரி ஓடி வந்தார். இத்தாலிக்காரர், பெயர் மத்தேயோ. அவர் இங்கிலீஷும் நொண்டி, என் இங்கிலீஷும் நொண்டி, அதனால் பேச்சை நம் தமிழிலேயே போடுகிறேன்.

"யாரைக் கேட்டு வரிசையை நிறுத்தினாய்?"

"நிற்கட்டும் சார். வெளியே பெரியது வருகிறது."

"நான் ஒன்றையும் பார்க்கவில்லையே?"

"நீங்கள் என்னைப் பார்க்கிறீர்கள். கடலைப் பாருங்கள்."

மூன்று வந்தது. மேடை முழுக்க நனைந்தது. மேடையில் அப்போது ஒரு பயணிகூட இல்லை. கடல் அடங்கியதும் கையை இறக்கினேன், ஆறு பேர் மாடிப்படி இறங்குகிற மாதிரி இறங்கிப் போனார்கள். மத்தேயோ ஒரு மணி நேரம் என் பக்கத்தில் நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதினார். அந்த நோட்டில் என் பெயரை எழுதினாரா என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

4

இப்போது சொல்லப்போவதை என் மனைவிக்கே இந்த வருஷம்தான் சொன்னேன்.

அதே சீசனில் ஆவணி மாதம். கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. நான் மேடையில் நின்று வெளிக்கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை. கையை இறக்கினேன். ஆஸ்திரியா நாட்டு அம்மா ஒருவர், எழுபதுக்கு மேல், படகில் கால் வைத்தார். அப்போது என் முதுகுப் பக்கம், கரைப் பக்கத்திலிருந்து, ஒரு பணக்காரனின் மோட்டார் படகு சீறிப் போயிருந்தது. அது கிளப்பிய அலை வந்து படகைத் தூக்கி அடித்தது. அந்த அம்மா படகுக்குள் விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கியவன் நான்தான். என் காலரைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. முட்டி உடைந்துவிட்டது.

நம் கடலுக்கு ஒரே முகம். கிழக்கே பார்த்து நின்றால் போதும். முதுகுக்குப் பின்னால் மணலும் பனைமரமும்தான். முதுகுப் பக்கமிருந்து அலை வரும் என்று எங்கள் குப்பத்தில் பிறந்த எவனும் நினைக்க மாட்டான். நானும் நினைக்கவில்லை. இது மலை சூழ்ந்த வளைகுடா, நாலா பக்கமும் படகு ஓடுகிற இடம் என்று பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், ஆனால் உடம்புக்கு உறைக்கவில்லை.

ரிப்போர்ட்டில், "கடந்து சென்ற படகின் எதிர்பாராத அலை, படகுப் பணியாளர்கள் உடனே உதவினர்" என்று எழுதினார்கள். யார் பெயரும் இல்லை.

மறுநாள் நான் மத்தேயோவிடம் போய், "எனக்கு இன்னொரு ஆள் வேண்டும். என் முதுகோடு முதுகு வைத்து உள்பக்கம் பார்த்து நிற்க வேண்டும். இரண்டு பேர் கையும் இறங்கினால்தான் ஆளை விட வேண்டும்" என்றேன். கொடுத்தார். அதற்குப் பிறகு எங்கள் மேடையில் ஒருவர் விழுந்தது கிடையாது. கம்பெனியின் மற்றக் கப்பல்களும் அப்படியே செய்கின்றன என்று வருகிற போகிற பிலிப்பைன்ஸ் ஆட்கள் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும்.

5

இந்தச் சித்திரையில் சீசனின் முதல் நாள் மேடைக்குப் போனேன். கதவுக்குப் பக்கத்தில் புதிதாக நீலப் பலகை. முதுகோடு முதுகாக நிற்கிற இரண்டு ஆட்களின் படம். மேலே கொட்டை எழுத்தில் ஏதோ இருந்தது. போனில் படம் பிடித்து மகள் அமுதாவுக்கு அனுப்பினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் படித்துச் சொன்னாள்: "மத்தேயோ முறை."

அமுதா இங்கேயே பிறந்தவள். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. தமிழை என்னிடம் கற்றதால் சுத்தமான மரக்காணத்துத் தமிழ் பேசுவாள், ஆனால் 'ர' மட்டும் தொண்டைக்குள்ளிருந்து வரும். கோபம் வந்தால் பிரெஞ்சுக்கு மாறிவிடுவாள், தமிழில் அவளுக்குக் கோபப்பட வராது. கல்யாணப் பேச்சை எடுத்தாலும் பிரெஞ்சுதான். வீட்டில் அவள் பேசுவதில் பாதி எனக்குப் புரியாமல் போய் வெகு நாளாகிறது.

"நல்லாத்தானப்பா கீது? படம்கூடப் போட்டுக்கிறாங்க. அந்தக் குண்டு ஆளு நீதான்."

"என் பேரு எங்கம்மா?"

"பேரு எதுக்கு? இது ரூலு. ரூலுக்கு யாருப்பா பேரு போடுவா?"

"அந்தாளு பேரு போட்டுக்கீதே."

அமுதா போனில் அந்தப் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரை எடுத்தாள். நான் சொல்லச் சொல்லக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினாள். முடித்ததும், "தமிழ்ல திருப்பிச் சொல்லு" என்றேன்.

"'தயவுசெய்து பரிசீலிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்'னு முடிச்சிக்கிறேன்."

"நான் எங்க கேட்டுக்கினேன்? எழுதுன்னு சொல்றேன்."

"அப்டி எழுதுனா சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கும்ப்பா."

"வர்றேன்னே எழுது."

தேவகி அடுப்படியிலிருந்து, "இவருக்குப் பொறந்தநாளு எதுன்னே கெவர்மென்டுக்குத் தெரியாது, இதுல பேரு வேற போடணுமாம்" என்றாள். அவளுக்கு என்னைக் கிண்டல் செய்யாவிட்டால் குழம்பு கொதிக்காது.

6

ஆனி மாதம் பதில் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். கூடவே ஒரு பாரம். இந்த முறையை எப்போது, எப்படி உருவாக்கினீர்கள், அலையைப் பார்க்கிற இரண்டாவது ஆள் எந்தச் சூழ்நிலையில் சேர்க்கப்பட்டார் என்பதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிப் போட்டால் ஆராய்ந்து பார்ப்பார்களாம்.

அமுதா அந்தக் கடைசிக் கேள்வியில் விரலை வைத்தாள். எதற்காகச் சேர்த்தீர்கள் என்று என்னைக் கேட்டாள். அன்றைக்குத்தான் ஆஸ்திரியா அம்மாவின் கதையை அவளுக்கும் தேவகிக்கும் சொன்னேன்.

"அப்பா, வருசா வருசம் லைசென்ஸ் பாரத்துல ஒரு கேள்வி வரும். பயணிக்கு அடிபட்ட விபத்துக்குக் காரணமா இருந்திங்களான்னு. நானே உனக்கு நெரப்பித் தர்றேன். நீ 'இல்ல'ன்னு சொல்லிக்கினே வர்ற."

"ரிப்போர்ட்டுல என் பேரு இல்லியேம்மா."

"அதான் சொல்றேன். இப்ப நீயே எழுதிக் குடுத்தா இருக்கும். லைசென்ஸ் போயிடும். நான் இன்ஷூரன்ஸ்ல வேல பாக்கறேன், எனக்குத் தெரியாதா? பென்ஷனுக்கு இன்னும் ரெண்டு சீசன்தான். பேசாம இரு."

"ஆமான்னு சொன்னா வேல போவும். பேசாம இருந்தா பேரு போவும்."

"பேரு சோறு போடாதுப்பா" என்று ஆரம்பித்தவள் பிரெஞ்சுக்கு மாறிவிட்டாள்.

ஊருக்குப் போன் போட்டேன். தம்பி ஏழுமலை வலை பிரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாணா, பலகை கிலகைன்னு பேஜாரு பண்ணிக்கினு கீற? நைனா பண்ணதத்தான நீ அங்க பண்ண. நைனாவுக்கு யாரு பலகை வெச்சா?"

"நைனா கெய்வன் கெய்விய ஏத்தி எறக்குனாரா? கைய தூக்கறது, ஆறு ஆறா உடறது, முதுவுக்கு ஒரு ஆளு நிறுத்தனது எல்லாம் நான்டா."

"அப்ப சரி. ஏலக் கூரைல உன் பேரு மட்டும் எவ்ளோ பெருசா எழுதி வெச்ச? அதுல நைனா பேரு எங்க? உப்புக் காத்துல உன் பேரே பாதி உதுந்துட்ச்சி, அது தெரியுமா உனக்கு?"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கூரையில் என் பெயருக்கு மேலே அப்பா பெயரைப் பெயின்ட் அடிக்கச் சொன்னேன். என் பெயரையும் புதுப்பிக்கச் சொன்னேன். இரண்டையும் செய்துவிட்டுப் படம் அனுப்பினான்.

7

மத்தேயோ இப்போது கேப்டன். இந்த சீசனோடு ஓய்வு. கப்பல் அடுத்த தடவை வந்தபோது கரையில் இறங்கி என்னைத் தேடி வந்தார். துறைச் சுவரில் உட்கார்ந்தோம்.

"பலகைக்கு என் பெயரை வைத்தது ஆபீஸ். நான் கேட்கவில்லை."

"வேண்டாம் என்றும் சொல்லவில்லை."

"சொல்லவில்லை" என்று ஒப்புக்கொண்டார். "இந்திய நண்பர் ஒருவர் காட்டினார் என்று பயிற்சி வகுப்பில் எப்போதும் சொல்வேன்."

"அந்த நண்பருக்குப் பெயர் இருக்கிறது சார்."

"நீ சொன்னதுதான் முறை என்று நான் எழுதித் தருகிறேன். ஆனால் ஆபீஸ் உனக்கு அனுப்பியிருக்கிற பாரத்தில் கையெழுத்துப் போடாதே. ரிப்போர்ட்டில் யார் பெயரும் இல்லாமல் நான்தான் பார்த்துக்கொண்டேன். அதை ஏன் கலைக்கிறாய்?"

அவர் எனக்கு நல்லதுதான் செய்திருந்தார். அதையும் எழுதி வைக்கிறேன். ஆனால் யோசித்துப் பார்த்தேன். பலகையில் இருக்கிற இரண்டு ஆட்களில் வெளிக்கடலைப் பார்க்கிறவன் எங்கள் குப்பத்திலிருந்து வந்தவன். உள்பக்கம் பார்க்கிறவன் அந்த அம்மாவின் முட்டியிலிருந்து வந்தவன். ஒருவனை என்னுடையவன் என்று சொல்லிவிட்டு இன்னொருவனைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வீட்டுக்கு வந்து அமுதாவை உட்கார வைத்து நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னேன். ஒரு பக்கம் மட்டும் பார்த்து நின்றது என் தவறு என்றும் எழுதச் சொன்னேன். மறுபடி பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். ஆனால் எழுதினாள். கடைசியில் தமிழில் திருப்பிச் சொன்னபோது ஒரு வார்த்தைகூட மெத்தென்று இல்லை. கையெழுத்துப் போட்டேன். எனக்கு நன்றாக வருகிற எழுத்து அது ஒன்றுதான்.

8

என் தவறை எழுதிக்கொள்ள அவர்களுக்கு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பழைய ரிப்போர்ட்டில் "பொறுப்பு: கன்னியப்பன் பெருமாள்" என்று சேர்த்துத் துறைமுக ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு எழுத்துப் பிழை இல்லை. லைசென்சை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை முடிகிற வரை நான் துறையின் தடுப்புக் கயிற்றுக்கு வெளியே. இந்த சீசன் போயிற்று. படகுப் பட்டறையில் மறுபடி பெயின்ட் அடிக்கிறேன். செய்த வேலைதான், கை மறக்கவில்லை.

பலகையைப் பற்றிய பதில் புரட்டாசியில் வந்தது. மத்தேயோ சொன்னபடி எழுதிக் கொடுத்திருக்கிறார். அதனால் பலகையைத் திருத்தச் சம்மதமாம். தலைப்பு அப்படியே இருக்கும். கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்ப்பார்களாம்: "இந்தியப் படகோட்டிகளின் வழக்கத்திலிருந்து."

அமுதா படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "ஒத்துக்கலாமாப்பா?" என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் அவளே, "ஒத்துக்காத" என்றாள். பிரெஞ்சில் பேச வேண்டிய அளவு கோபத்தை அன்றைக்குத் தமிழிலேயே பேசினாள். அந்த ஒன்றுக்காகவே இவ்வளவும் செய்திருக்கலாம்.

அன்றைக்கே பதில் அனுப்பினோம். அதையே இங்கேயும் போடுகிறேன், நம் ஊர்க்காரர்கள் சாட்சியாக இருக்கட்டும்.

உடைந்த முட்டிக்குப் பொறுப்பு எழுதும்போது உங்களுக்குக் கன்னியப்பன் கிடைத்தான். உடையாத முட்டிகளுக்கு எழுதும்போது மட்டும் "இந்தியப் படகோட்டிகள்" ஆகிவிட்டானா? இந்தியப் படகோட்டிகள் என்று எந்தத் தாய் வயிற்றிலும் ஒருவன் பிறக்கவில்லை. கேப்டன் மத்தேயோ பெயரை எடுக்கச் சொல்லவில்லை. அவர் பார்த்தார், எழுதினார், அது அவர் பங்கு. அலையைப் பார்க்கிற வழக்கம் எங்கள் குப்பத்துப் பங்கு. அதைக் கப்பல் மேடைக்குக் கொண்டு வந்தது, தவறியது, திருத்தியது மூன்றும் என் பங்கு. ரிப்போர்ட்டில் எந்த அளவு எழுத்தில் என் பெயரைப் போட்டீர்களோ அதே அளவு எழுத்தில் பலகையிலும் போடுங்கள்: கன்னியப்பன், பெருமாள் மகன், மரக்காணம்.